பந்தை விடுங்கள், வலையருகே நிற்பவரைப் பாருங்கள்: ஆடவர் இரட்டையர் டென்னிஸுக்குப் புதியவர்களுக்கு

ஒற்றையர் டென்னிஸ் பார்த்துப் பழகியவர்கள் முதல் தடவை இரட்டையர் ஆட்டத்தின் முன் உட்கார்ந்தால், பெரும்பாலும் கால் மணி நேரத்தில் எழுந்துவிடுவார்கள். நானும் அப்படி எழுந்து போனவன்தான். ஒருவர் சர்வ் போடுகிறார், எதிராளி திருப்பி அடிக்கிறார், அதற்குள் வலைக்குப் பக்கத்தில் நின்ற யாரோ குறுக்கே பாய்ந்து ஒரு தட்டு தட்ட, பாயின்ட் முடிந்துவிடுகிறது. என்ன நடந்தது என்று யோசிப்பதற்குள் அடுத்த சர்வ். நடால் முப்பது தடவை அடித்துப் பிடுங்கிய பாயின்ட்டில் இருந்த நாடகம் இங்கே எங்கே என்று தோன்றும்.

பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. அத்தனை நாளும் நான் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரட்டையரில் பாயின்ட்டை முடிவு செய்பவர், பல நேரம், பந்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவர் போல வலையருகே குனிந்து நிற்கும் ஆள். அவரைப் பார்க்கப் பழகிவிட்டால் ஆட்டம் வேறாகத் தெரிய ஆரம்பிக்கும்.

உதாரணத்துக்கு 2024 ஆஸ்திரேலிய ஓபன் ஆடவர் இரட்டையர் பிரிவை எடுத்துக்கொள்கிறேன். 43 வயதில் ரோகன் போபண்ணா, ஆஸ்திரேலியரான மேத்யூ எப்டனுடன் சேர்ந்து பட்டம் வென்ற போட்டி. பலருக்கும் நினைவிருக்கும். ஒரு புதியவர் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாமே அந்த இரண்டு வாரத்து ஸ்கோர்களில் இருக்கிறது.

முதலில் டிராவைப் பிரித்து வையுங்கள்

போட்டி தொடங்குமுன் அதிகாரப்பூர்வத் தளத்தில் டிரா, அதாவது யார் யாரோடு மோதுவது என்ற பட்டியல், வந்துவிடும். கிராண்ட்ஸ்லாம் ஆடவர் இரட்டையரில் 64 ஜோடிகள். ஆறு சுற்று, மொத்தம் 63 ஆட்டம். தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். 16 ஜோடிகளின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அதுதான் சீடிங். பலமான ஜோடிகள் ஆரம்பத்திலேயே ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் தள்ளித் தள்ளி வைக்கும் ஏற்பாடு. 2024-இல் முதல் சீடு ஆஸ்டின் கிரைஜெக், இவான் டோடிக். இரண்டாம் சீடு போபண்ணா, எப்டன். ஒரு ஜோடி டிராவின் உச்சியில், இன்னொன்று அடியில்.

இங்கே புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. வாராவாரம் வெளியாகும் இரட்டையர் தரவரிசை ஜோடிக்கானது கிடையாது, தனி ஆளுக்கானது. ஒருவர் 10-ஆம் இடத்திலும் அவருடைய கூட்டாளி 25-ஆம் இடத்திலும் இருந்தால் இரண்டையும் கூட்டி 35 என்று கணக்கு வைத்து, அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்துத்தான் இடமும் சீடும் தருவார்கள். தொகை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அதனால்தான் ஒரே ஜோடியாக ஆடினாலும் இருவரில் ஒருவர் மட்டும் உலகின் நம்பர் 1 ஆக முடிகிறது. போபண்ணாவுக்கு அந்த இடம் உறுதியானது இறுதி ஆட்டத்தில் இல்லை, கால் இறுதியிலேயே. 6-ஆம் சீடு அர்ஜென்டினா ஜோடி மாக்சிமோ கொன்சாலஸ், ஆந்த்ரெஸ் மோல்தேனியை 6-4, 7-6 என்று வென்ற அன்றைக்கே கணக்கு முடிந்துவிட்டது.

டிராவில் மூன்று வகை ஜோடிகளைப் பிரித்து அடையாளம் காணப் பழகுங்கள். முதல் வகை, இரட்டையர் மட்டுமே ஆடிப் பிழைப்பவர்கள். பெயர்கள் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் ஆட்டம் தெரிந்தவர்கள் இவர்கள்தான். இரண்டாம் வகை, ஒற்றையர் வீரர்கள். தங்கள் ஆட்டத்துக்கு இடையில் கை பழக, கொஞ்சம் காசு பார்க்க, நண்பனோடு சேர்ந்து இறங்குகிறவர்கள். அடி பலமாக இருக்கும், நிற்கும் இடம்தான் உதைக்கும். இவர்களைக் குறைத்து மதிப்பிட்டுவிடாதீர்கள். அந்த ஆண்டு அரை இறுதியில் போபண்ணா ஜோடியை மூன்றாவது செட்டின் டைபிரேக் வரை இழுத்துக்கொண்டு போனவர்கள் செக் நாட்டின் தோமாஸ் மாகாச்சும் சீனாவின் ஜாங் ஜிஜெனும். இருவருமே ஒற்றையர் ஆட்டக்காரர்கள்.

மூன்றாவது வகை வைல்டு கார்டு. தரவரிசை போதாவிட்டாலும் போட்டியை நடத்துபவர்கள் அழைத்து இடம் தரும் உள்ளூர்க்காரர்கள். வேறு ஊரில் இவர்களைத் தாண்டிப் போய்விடலாம், ஆஸ்திரேலிய ஓபன் நடக்கும் மெல்போர்னில் கூடாது. 2022-இல் பட்டம் வென்ற நிக் கிரியோஸ், தனாசி கொக்கினாகிஸ் ஜோடி வைல்டு கார்டில் வந்தது. அடுத்த ஆண்டே ரிங்கி ஹிஜிகாட்டா, ஜேசன் குப்ளர் ஜோடி அதே வழியில் வந்து வென்றது. இரண்டு வருடம் அடுத்தடுத்து!

களத்தில் ஒன்றே ஒன்றுதான் மாறுகிறது

ஒற்றையர் களத்தின் அகலம் 27 அடி. இரட்டையரில் இருபுறமும் நாலரை அடிப் பட்டைகள் சேர்ந்து 36 அடி ஆகிறது. நீளம் அதே 78 அடி. ஆனால் சர்வ் விழ வேண்டிய கட்டம் மாறுவதில்லை. சர்வ் பக்கப் பட்டையில் விழுந்தால் தவறு, அதற்கு அடுத்த அடியிலிருந்து அதே பட்டை செல்லும். இதைத் தெரியாமல் முதல் நாள் நிறைய பேர் நடுவரைத் திட்டுவார்கள்.

கணக்குப் போட்டால், ஒற்றையரில் ஒரு ஆள் 27 அடியைக் காவல் காக்கிறார், இரட்டையரில் தலைக்கு 18 அடிதான். அப்படியானால் வேலை சுலபம்தானே? இல்லை. அந்த இரண்டு 18 அடிகளுக்கும் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு கோடு ஓடுகிறது. அங்கே வரும் பந்துக்கு ‘நீ எடு’ என்று ஒருவர் நினைக்க, ‘அவன் எடுப்பான்’ என்று மற்றவர் நினைக்க, பந்து இருவருக்கும் நடுவில் போய்க்கொண்டே இருக்கும். போதாததற்கு வலையும் நடுவில்தான் தாழ்வு. கம்பத்தருகே மூன்றரை அடி, நடுவில் மூன்று அடி. அதனால் தேர்ந்த ஜோடிகள் ஓரத்தைவிட நடுவைத்தான் அதிகம் குறிவைப்பார்கள். பார்க்க அழகாக இருக்காது, பலன் இருக்கும்.

கணக்கு

கிராண்ட்ஸ்லாமில் ஆடவர் இரட்டையர் மூன்று செட். விம்பிள்டன் மட்டும் நீண்ட காலம் ஐந்து செட் வைத்திருந்தது, 2023 முதல் அங்கேயும் மூன்றுதான். கேமுக்குள் 40-40 ஆனால் ஒற்றையர் போலவே டியூஸ், அட்வான்டேஜ். செட் 6-6 ஆனால் ஏழு பாயின்ட் டைபிரேக். மூன்றாவது செட்டும் 6-6 ஆகிவிட்டால் பத்துப் பாயின்ட் டைபிரேக், அதிலும் இரண்டு பாயின்ட் முன்னணி வேண்டும்.

சரி, இதே ஆட்டத்தை ஏடிபி என்னும் ஆடவர் தொழில்முறை டென்னிஸ் அமைப்பின் வாராந்திரப் போட்டியில் பார்த்தால் கணக்கு மாறும். அங்கே அட்வான்டேஜ் கிடையாது. 40-40 ஆனால் ஒரே ஒரு பாயின்ட், வென்றவருக்கு கேம். அந்தப் பாயின்ட்டில் சர்வை எந்தப் பக்கம் வாங்குவது என்று வாங்கும் ஜோடி தேர்ந்தெடுக்கலாம். இருவரும் ஒரு விநாடி பேசிக்கொண்டு ஒருவர் மட்டும் முன்னே வருவார். அப்போது கவனியுங்கள், யாருடைய ரிட்டர்னில் அவர்களுக்கு நம்பிக்கை என்பது அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம், மூன்றாவது செட்டே கிடையாது. ஆளுக்கு ஒரு செட் ஆனால் நேராகப் பத்துப் பாயின்ட் டைபிரேக்தான்.

சென்னை ரசிகர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. நுங்கம்பாக்கத்தில் 2017 வரை நடந்த சென்னை ஓபன் இப்படித்தான் ஆடப்பட்டது. அங்கே நடந்த கடைசி ஏடிபி போட்டியில் இரட்டையர் பட்டம் வென்றது யார் தெரியுமா? இதே போபண்ணா, கூட ஆடியவர் சென்னையின் ஜீவன் நெடுஞ்செழியன். அதே ஜீவன் 2024 செப்டம்பரில் விஜய் சுந்தர் பிரசாந்துடன் சீனாவின் ஹாங்சோ ஓபனை வென்றபோது ஸ்கோர் 4-6, 7-6, 10-7. அந்தக் கடைசி எண்ணைப் பார்த்துவிட்டு ‘பத்து கேம் ஆடினார்களா?’ என்று கேட்காதீர்கள். அது மூன்றாவது செட்டுக்குப் பதிலாக வந்த டைபிரேக்.

மெல்போர்னிலேயே கலப்பு இரட்டையருக்கும் இந்தச் சுருக்கக் கணக்குதான். ஒரே களத்தில் அடுத்தடுத்து ஆடவர் இரட்டையரும் கலப்பு இரட்டையரும் நடந்தால் குழப்பம் வரும், நினைவில் வையுங்கள்.

யார், எந்தப் பக்கத்திலிருந்து சர்வ் போடுகிறார்

நால்வரும் முறை வைத்து சர்வ் போடுவார்கள். அதாவது ஒருவருக்கு நாலு கேமுக்கு ஒருமுறைதான் சர்வ் வரும். ஜோடியில் யார் முதலில் என்பதை ஒவ்வொரு செட் தொடக்கத்திலும் மாற்றிக்கொள்ளலாம். சர்வை வாங்கும்போது வலப்பக்கம் யார், இடப்பக்கம் யார் என்பதும் செட் முழுக்க மாறக்கூடாது.

பக்கம் மாறும் விதியோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது. முதல் கேம், மூன்றாம் கேம், ஐந்தாம் கேம் முடிந்து பக்கம் மாறுகிறார்கள் இல்லையா? ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முதல் கேமில் சர்வ் போட்டவருக்கு மறுபடி ஐந்தாவதில், அப்புறம் ஒன்பதாவதில் முறை வரும். மூன்று தடவையும் அவர் நிற்பது களத்தின் அதே முனையில். அவருடைய கூட்டாளி மூன்று, ஏழு, பதினொன்று என்று எப்போதும் எதிர் முனையில். ஆக, டைபிரேக்கை விட்டுவிட்டால், இரட்டையரில் ஒருவர் ஒரு செட் முழுவதும் ஒரே முனையிலிருந்துதான் சர்வ் போடுகிறார்! வெயில் யார் கண்ணில் அடிக்கிறது, காற்று யார் முதுகில் வீசுகிறது என்பதெல்லாம் இதனால் பெரிய விஷயம் ஆகிறது. இடக்கையரும் வலக்கையரும் சேர்ந்த ஜோடிக்கு இங்கே ஒரு சௌகரியம் உண்டு. ஒருவர் கண்ணைக் கூசவைக்கும் வெயில் மற்றவர் பந்தைத் தூக்கிப்போடும் பக்கத்துக்கு வராது, முனையைப் பிரித்துக்கொள்ளலாம்.

16 கிராண்ட்ஸ்லாம் பட்டங்களைச் சேர்ந்தே வென்ற அமெரிக்க இரட்டைச் சகோதரர்கள் பாப் பிரையன், மைக் பிரையன் அப்படிப்பட்ட ஜோடி. மைக் வலக்கை, பாப் இடக்கை. சேர்ந்து வென்ற பட்டங்கள் எல்லாம் கூட்டினால் 119. கருவிலிருந்தே சேர்ந்து பயிற்சி எடுத்தவர்களோடு மற்றவர்கள் எப்படிப் போட்டி போடுவது என்று எனக்கு எப்போதும் ஒரு சின்னப் புகார் உண்டு.

இப்போது கண்ணைப் பழக்குவோம்

இதுதான் முக்கியமான வேலை, கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஒரே ஒரு பாயின்ட்டை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். சர்வ் போடுபவர் பேஸ்லைனில், அதாவது களத்தின் பின்கோட்டில், வலப்பக்கம் நிற்கிறார். அவருடைய கூட்டாளி வலைக்குப் பக்கத்தில், இடப்பாதியில். அவரை வலைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். எதிர்ப்பக்கம் சர்வ் வாங்குபவர் குறுக்காக நிற்கிறார், அவருடைய கூட்டாளி சர்வ் கட்டத்துக் கோட்டருகே.

சர்வ் கிளம்புகிறது. உங்கள் கண் பந்தோடு ஓடப் பார்க்கும், விடாதீர்கள். வலைக்காரர் மேலேயே வையுங்கள். வாங்குபவர் பந்தைக் கவனிக்கத் தலையைத் தாழ்த்தும் அந்தக் கணத்தில்தான் வலைக்காரர் கிளம்புவார். முன்கூட்டியே கிளம்பினால் வாங்குபவர் பார்த்துவிட்டு, அவர் காலி செய்த ஓரத்தில் நேராக அடித்துவிடுவார். தாமதமாகக் கிளம்பினால் பந்து கடந்து போய்விடும். அரை விநாடி கூட இல்லாத அந்த இடைவெளியைப் பிடிப்பதற்குத்தான் இருபது வருடப் பயிற்சி. குறுக்கே பாய்ந்து பந்தை வெட்டினால் அதற்குப் பெயர் ‘போச்’. அவர் பாய்ந்ததும் பின்னால் இருக்கும் சர்வ் போட்டவர் காலியான பாதிக்கு ஓடுகிறாரா என்று பாருங்கள். நல்ல ஜோடியில் இருவரும் ஒரே கயிற்றில் கட்டியது போல நகர்வார்கள்.

சில சமயம் வலைக்காரர் தோளை மட்டும் ஒரு அசை அசைத்துவிட்டு அங்கேயே நிற்பார். பாய்கிறார் என்று நினைத்து வாங்குபவர் ஓரத்தில் அடிக்க, பந்து நேராக அவர் மட்டைக்கே வரும். இன்னும் சில சமயம் அவர் எதுவுமே செய்யமாட்டார், எதிராளி பந்தை வெளியே அடித்துவிடுவார். ஸ்கோர் அட்டை அதை எதிராளியின் தவறு என்று எழுதும். உண்மையில் அது வலைக்காரர் சம்பாதித்த பாயின்ட். முந்தைய மூன்று தடவை அவர் பாய்ந்ததால்தான் நாலாவது தடவை எதிராளி அளவுக்கு மீறி ஓரத்தைத் தேடினார்.

சர்வ் எங்கே விழுகிறது என்பதும் இதோடு சேர்ந்தது. இரட்டையரில் வேகத்தைவிட முதல் சர்வ் உள்ளே விழுவதுதான் முக்கியம். நடுக்கோட்டை ஒட்டி விழுந்தால் வாங்குபவருக்குக் கோணம் கிடைக்காது, பந்து நடுவழியாகத்தான் திரும்பி வரும், வலைக்காரருக்கு ஓரடி நகர்ந்தால் போதும். உடம்பை நோக்கி வந்தால் வாங்குபவர் கையை மடக்கி எப்படியாவது தள்ளிவிடப் பார்ப்பார். வெளிப்பக்கம் விரிந்து விழுந்தால் ஓரம் திறந்துகொள்ளும், வலைக்காரர் ஓரத்துக்கு ஒட்டிப் போயாக வேண்டும். நாலைந்து கேம் பார்த்தபின், சர்வ் விழும் இடத்தைப் பார்த்து வலைக்காரர் எந்தப் பக்கம் போவார் என்று நீங்களே ஊகிக்க ஆரம்பிப்பீர்கள். சரியாக வரும்போது கிடைக்கும் சந்தோஷமே தனி.

இனி வாங்கும் பக்கம். வாங்குபவரின் கூட்டாளியைக் கவனியுங்கள். நல்ல ஆட்டக்காரர் பந்தைப் பார்க்கமாட்டார், எதிர் வலைக்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஏனென்றால் அந்த வெட்டு வரப்போவது அவர் காலடிக்குத்தான். ரிட்டர்ன் நன்றாகப் போய், எதிராளி பந்தைக் குனிந்து எடுக்க வேண்டி வந்தால், இவர் உடனே இரண்டு எட்டு முன்னே வருவார். சில ஜோடிகள் பெரிய சர்வ் போடுபவருக்கு எதிரே இருவருமே பேஸ்லைனுக்குப் போய் நிற்பார்கள். அது பயம் இல்லை, கணக்கு. ஆனால் முன்பு முன்னே நின்ற ஜோடி திடீரென்று பின்னே போய்விட்டால் அங்கே என்னவோ கை நழுவிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இத்தனையும் ஒரே நாளில் கண்ணுக்குப் பிடிபடாது. அதற்கு எனக்குத் தெரிந்த சுலபமான வழி இது. ஒரு கேம் முழுக்க சர்வ் போடுபவரின் கூட்டாளியை மட்டும் பாருங்கள், பந்து எங்கே போனாலும் போகட்டும். அடுத்த கேம் சர்வ் வாங்குபவரின் கூட்டாளியை மட்டும். மூன்றாவது கேமில் பழையபடி பந்தைப் பாருங்கள். அப்போது மற்ற இரண்டு பேரும் ஓரக்கண்ணில் தானாகவே தெரிய ஆரம்பிப்பார்கள்.

யார் ஜெயிக்கப் போகிறார் என்று பாயின்ட்டின் நடுவிலேயே சொல்ல ஒரு குறுக்கு வழியும் உண்டு. யாருடைய மட்டை பந்தைக் கீழிருந்து மேலே தூக்குகிறது என்று பாருங்கள். வலைக்குக் கீழே பந்தை எடுத்தவர் அதைத் தூக்கித்தான் அனுப்ப வேண்டும், தூக்கியது எதிராளியின் தோள் உயரத்துக்கு வரும், அப்புறம் அடிதான். அதனால்தான் ரிட்டர்னைப் பலமாக அடிப்பதைவிடக் காலடியில் விழவைப்பதைப் பெரிய வித்தையாக நினைக்கிறார்கள். உயரே தூக்கி இருவர் தலைக்கும் மேலே அனுப்பும் லாப் மட்டும் இதற்கு விதிவிலக்கு. நல்ல லாப் விழுந்தால் ஜோடி முழுக்கத் திரும்பி ஓடும், வலை எதிராளிக்குச் சொந்தமாகிவிடும்.

முதுகுக்குப் பின்னால் இருக்கும் விரல்கள்

சர்வுக்கு முன்னால் வலைக்காரர் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரலைக் காட்டுவார். எங்கே சர்வ் போட வேண்டும், தான் பாயப்போகிறாரா நிற்கப்போகிறாரா என்று கூட்டாளிக்குச் சொல்லும் சேதி. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு பாஷை, அர்த்தம் கண்டுபிடிக்க முயலவேண்டாம். விரல் காட்டாத ஜோடிகள் ஒவ்வொரு பாயின்ட்டுக்கு முன்பும் பந்தால் வாயை மறைத்துக்கொண்டு காதில் பேசிக்கொள்வார்கள்.

வலைக்காரர் களத்தின் நடுவில், வலைக்குக் கீழே தலை மறையும்படி உட்கார்ந்துவிட்டால் அது ‘ஐ ஃபார்மேஷன்’. சர்வ் போடுபவரும் நடுக்கோட்டருகே வந்துவிடுவார். சர்வ் போனதும் ஒருவர் இடம், ஒருவர் வலம் பிரிவார்கள். எந்தப் பக்கம் என்று வாங்குபவருக்குத் தெரியாது. வலைக்காரர் சர்வ் போடுபவர் இருக்கும் அதே பாதியில் நின்றுகொண்டால் அதற்கு ஆஸ்திரேலியன் ஃபார்மேஷன் என்று பெயர். எதிராளியின் குறுக்கு ரிட்டர்ன் ரொம்பவும் நன்றாக விழும்போது அதை அடைப்பதற்காக இதைச் செய்வார்கள்.

விதிகளில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பார்க்க நேர்ந்தால் குழம்பாமல் இருக்க. சர்வ் தரையில் விழாமல் நேராக வாங்குபவரின் கூட்டாளி மேல் பட்டுவிட்டால் பாயின்ட் சர்வ் போட்டவர்களுக்கு. போடுபவரின் சொந்தக் கூட்டாளி முதுகில் பட்டால் அது தவறு, கூடவே கொஞ்சம் சிரிப்பு. ஆட்டத்தில் எதிராளியின் உடம்பைக் குறிவைத்து அடிப்பதும் முறைதான். அடித்தவர் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்பார், பாயின்ட்டைத் திருப்பித் தரமாட்டார்.

எங்கே உட்காருவது, எப்போது பார்ப்பது

மெல்போர்ன் பார்க்குக்கே போகிறவர்கள் முதல் வாரத்தில் கிரவுண்ட் பாஸ், அதாவது வெளிக் களங்களுக்கான நுழைவுச்சீட்டு, வாங்கினாலே போதும். இரட்டையர் ஆட்டங்கள் முதல் வாரத்தின் நடுவில் தொடங்கும், பெரும்பாலும் வெளிக் களங்களில். பெரிய அரங்கில் கடைசி வரிசையில் ஒற்றையர் பார்க்கும் காசைவிடக் குறைவாகக் கொடுத்து, வீரர்கள் பேசிக்கொள்வது காதில் விழும் தூரத்தில் உட்காரலாம். மறுநாள் எந்த ஆட்டம் எந்தக் களத்தில் என்ற பட்டியல் முந்தைய நாளே வந்துவிடும். இரட்டையரில் திடீர் விலகல் அதிகம். ஒற்றையரில் காயம்பட்டவர் இதிலும் விலகிவிடுவார். அதனால் காலையில் ஒருமுறை பட்டியலைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஜனவரி வெயில் சும்மா விடாது. தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இடம் பிடிக்கும்போது பேஸ்லைனுக்குப் பின்னால் இருக்கும் இருக்கையைத் தேடுங்கள். நுங்கம்பாக்கத்தில் ஒரு தடவை வலைக்கு நேராகப் பக்கவாட்டில் நல்ல இடம் கிடைத்துவிட்டது என்று பெருமையாக உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் கழுத்தை இடமும் வலமும் திருப்பியதுதான் மிச்சம், யார் எங்கே நகர்ந்தார் என்று ஒன்றும் தெரியவில்லை. பின்னாலிருந்து பார்த்தால்தான் நால்வரும் ஒரே பார்வையில் விழுவார்கள். 2024 முதல் ஆஸ்திரேலிய ஓபனில் ஒவ்வொரு கேம் முடிந்ததும் பார்வையாளர்கள் இருக்கைக்கு நகரலாம், பக்கம் மாறும்வரை வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. ஓரத்தில் மாட்டிக்கொண்டாலும் இடையில் மாறிக்கொள்ளலாம்.

டிவியில் பார்ப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, கேமராவே பின்னாலும் உயரத்திலும்தான் இருக்கிறது. நேரக் கணக்கு மட்டும் வேண்டும். ஜனவரியில் மெல்போர்ன் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஐந்தரை மணி நேரம் முன்னால், சிங்கப்பூருக்கு மூன்று மணி நேரம். அங்கே காலை 11 மணி ஆட்டம் நமக்கு விடியற்காலை ஐந்தரை, காபி போட்டுக்கொண்டு உட்காரச் சரியான நேரம்.

கடைசியாக, அந்த இரண்டு வாரம்

முழு ஆட்டங்களோ சுருக்கங்களோ கிடைத்தால், போபண்ணா, எப்டன் ஜோடியின் ஆறு ஆட்டங்களையும் வரிசையாகப் பாருங்கள். முதல் சுற்றில் உள்ளூர் ஜோடி ஜேம்ஸ் டக்வொர்த், மார்க் போல்மன்ஸ். 7-6, 4-6, 7-6. அதாவது பின்னால் பட்டம் வெல்லப்போகிறவர்கள் முதல் நாளே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியது, மூன்றாவது செட் டைபிரேக்கில் 10-2 என்று தப்பினார்கள். அடுத்து ஜான் மில்மன், எட்வர்ட் வின்டர், 6-2, 6-4. சுலபமாகப் போன ஒரே ஆட்டம், அதைத் தாண்டிப் போனாலும் நஷ்டமில்லை. மூன்றாம் சுற்றில் 14-ஆம் சீடு வெஸ்லி கூல்ஹாஃப், நிகோலா மெக்டிச். இரண்டு செட்டும் 7-6. டைபிரேக் வரை போகும் இப்படிப்பட்ட ஆட்டங்களில்தான் வலைக்காரரைப் பார்க்கும் பயிற்சி நன்றாகப் பலிக்கும், ஏனென்றால் அந்த ஒன்றிரண்டு டைபிரேக் பாயின்ட்டை எடுப்பவர் பெரும்பாலும் அவர்தான். கால் இறுதியில் கொன்சாலஸ், மோல்தேனி. அரை இறுதியில் மாகாச், ஜாங், 6-3, 3-6, 7-6, கடைசி டைபிரேக் 10-7.

இறுதி ஆட்டம் ஜனவரி 27, சனிக்கிழமை இரவு, ராட் லேவர் அரங்கில். மகளிர் ஒற்றையர் இறுதிக்குப் பிறகுதான் இது வரும். சபலென்கா கோப்பையை வாங்கியதும் நிறைய பேர் கிளம்பிவிடுவார்கள், எந்த ஆண்டும் அப்படித்தான். நீங்கள் கிளம்பாதீர்கள், டிவியையும் அணைக்காதீர்கள். அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர்கள் இத்தாலியின் சிமோன் பொலேலி, ஆந்த்ரியா வவசோரியை எதிர்த்து முதல் செட் 6-6 வரை போனதைப் பார்த்தார்கள். அதன்பின் வந்த டைபிரேக் 7-0. இரண்டாவது செட் 7-5. ஓபன் காலத்தில் ஆடவர் கிராண்ட்ஸ்லாம் பட்டம் வென்றவர்களிலேயே மிக மூத்தவர் ஆனார் போபண்ணா. அந்த டைபிரேக்கின் ஏழு பாயின்ட்டையும் இரண்டு தடவை ஓட்டிப் பாருங்கள். முதல் தடவை பந்தை, இரண்டாவது தடவை பந்து யாரிடம் இல்லையோ அவரை.